513 படிகளும் ஒரு நாற்காலியும்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளிலும் கூட்டம் நெரியும். அறுபதைக் கடந்தவர்கள் கைப்பிடியைப் பற்றி நின்று, மூச்சு வாங்கி, "முருகா" என்று மறுபடி காலைத் தூக்கி வைப்பார்கள். பக்தி அவர்களை மேலே சேர்த்துவிடுகிறது. ஆனால் ஆண்டின் மற்ற நாள்களில் அதே கால்கள் தொலைக்காட்சி முன்னால் நீட்டிக் கிடக்கின்றன. எனக்குக் கவலை அந்த நாள்களைப் பற்றித்தான்.

மாத்திரை பாதி, கால் பாதி

அறுபது வயதைத் தாண்டிய மலேசியர்களில் பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பும், நால்வரில் ஒருவருக்கு மேல் இனிப்புநீரும் இருப்பதை 2018-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. மறு ஆண்டு ஆய்வில், நம் இந்தியச் சமூகத்தில் வயது வந்தோரில் பத்தில் மூவருக்கு இனிப்புநீர். நாட்டில் வேறெந்த இனத்தையும்விட இது அதிகம்.

சாப்பாட்டிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. தொடைத் தசை அசையும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் சர்க்கரை தசைக்குள் போகிறது. அதனால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே பலன் உண்டு. உட்கார்ந்தே இருந்தால் தசை கரையும். தசை கரைந்தால் சர்க்கரை ஏறும், விழுகிற ஆபத்தும் கூடும்.

எங்கே நடப்பது?

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை வயதானவர்களுக்குச் சோதனைதான். வீட்டுக்கு வீடு மேடு பள்ளம், நடுவில் மோட்டார் சைக்கிள். விழுந்துவிடுவோம் என்று பயந்து நடையை நிறுத்தியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடக்க நல்ல இடம் 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்கா, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் நிழலும் உண்டு. இங்கே பொழுது விடியவே ஏழு மணிக்கு மேலாகிறது, இருட்டில் கிளம்ப வேண்டாம்.

நாற்காலிப் பயிற்சி

எங்கள் தெருவில் 71 வயது அம்மா ஒருவர், நாற்காலியை விட்டு எழ இரண்டு கைகளையும் ஊன்றுவார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தினமும் பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னோம். முதலில் இரு கை, பிறகு ஒரு கை, அப்புறம் விரல் நுனி. ஒருநாள் கைகளை மார்பில் கட்டியபடியே எழுந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடலசைவு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, 65-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடியாதவர்கள் முடிந்த அளவு செய்தாலும் நன்மைதான்.

கவனம் தேவை

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிடுங்கள். செருப்பைக் கழற்றியதும் பாதத்தில் கொப்புளம், புண் இருக்கிறதா பாருங்கள். கால் மரத்தவர்களுக்கு வலி தெரியாது. நெஞ்சு இறுக்கினால் நின்றுவிடுங்கள், மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்காதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருகிறீர்கள், நல்லது. இன்று இரவு சாப்பிட்டதும் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போங்கள்.