ஓட்டில் ஆசிட் ஊற்றாதீர்கள்!

அரியலூர் சுண்ணாம்புக் கல் மீது ஒரு சொட்டு ஆசிட் விட்டால் "புஸ்" என்று நுரைக்கும். கல் கரைகிறது! பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரம்பலூர், அரியலூர் பகுதி கடலாக இருந்தது. அப்போது படிந்த சுண்ணாம்புதான் இன்று சிமெண்டு ஆகிறது.

வீட்டு முகப்பில் பதித்த சிமெண்டு ஓட்டிலும், ஓடுகளின் இடைப்பூச்சிலும் இருப்பது அந்தச் சுண்ணாம்பின் சத்தே. ஆசிட் ஊற்றினால் கறையோடு பூச்சும் போகும். பிறகு மழைநீர் சுவருக்குள் இறங்கும். எலுமிச்சம் பழச் சாறும் ஒருவகை ஆசிட்தான்!

ஓட்டை நன்றாக நனைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். கம்பி நார் கீறிவிடும்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. அதன்மேல் ஆசிட் பட்டால் ஆபத்து! குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். 1915-ம் ஆண்டு உலகப் போரில் ஜெர்மனியர் ஏவிய நச்சு வாயு இதுவே.