அலைகளின்மேல் ஒரு பிழைப்பு

பொருள் தேடிக் கடல் கடப்போரை நம் கடற்கரை ஊர்கள் நன்கறியும். சபராளிகள் என்று அவர்களை அழைப்பதும் நம்மிடையே வழக்கம். ஆனால் அவர்கள் கரை சேர்ந்த பின்னரே உழைக்கத் தொடங்குவர். கடலையே பணியிடமாகக் கொண்டு, சுக்கான் பிடிக்காமலும் இயந்திர அறைக்குள் இறங்காமலும், இசைத்தே பிழைப்போர் வட ஐரோப்பாவில் உளர்.

ஸ்வீடன், பின்லாந்து, எஸ்தோனியா ஆகிய நாடுகளுக்கு இடையே விரிந்து கிடப்பது பால்டிக் கடல். மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்கள் இதில் நாள்தோறும் ஓடுகின்றன. ஹெல்சிங்கியில் மாலையில் புறப்படும் கப்பல் மறுநாள் காலையில்தான் ஸ்டாக்ஹோமை அடையும். அந்த நீண்ட இரவில் பயணிகளை மகிழ்விப்பதே இசைக்குழுவின் வேலை.

இது எளிய வேலையன்று. ஒரே அரங்கில் பின்லாந்தவரும் ஸ்வீடன் நாட்டவரும் அமர்ந்திருப்பர். பின்லாந்தவர்க்கு டாங்கோ இசை உயிர். 1985 முதல் அதற்கெனவே அங்கு ஆண்டு விழா எடுக்கின்றனர். ஸ்வீடன் நாட்டவர் தம் நாட்டு நடன இசையைக் கேட்பர். இளைஞர்க்கோ ஆங்கிலப் பாடல் வேண்டும். எனவே பல மொழிப் பாடல்களைக் கற்று வைத்திருப்பவனுக்கே இங்கு மதிப்பு. கப்பல் ஆடினாலும் சுருதி ஆடலாகாது. ஊர் உறங்கும் நேரத்தில் உழைத்து, ஊர் விழிக்கும் நேரத்தில் சிறு அறையில் உறங்கச் செல்வதே அவன் வாழ்க்கை.

கூலி வரும் வழி

இக்கப்பல்களின் வருவாய் பயணச்சீட்டால் மட்டும் வருவதன்று. உணவகங்களிலும் கடைகளிலும் பயணிகள் செலவிடும் பணமே பெரும்பங்கு. பயணிகளை உறங்கவிடாமல் அரங்கில் இருத்திவைக்கும் இசை, அவ்வணிகத்திற்குத் துணை. 1999 ஜூலை 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் வரியில்லா விற்பனை நிறுத்தப்பட்டது. ஆலண்ட் தீவுகளுக்குத் தனிச்சலுகை உண்டு. ஆகவேதான் பல கப்பல்கள் நடுவழியில் அத்தீவுகளைத் தொட்டுச் செல்கின்றன. கலைஞனின் கூலி வரிச்சட்டத்தோடு பிணைந்திருப்பதை இதனால் அறியலாம். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் பயணிகள் குறைந்தபோது இக்கப்பல்களின் மேடைகளும் வெறிச்சோடின.

உயிருக்கும் உறுதியில்லை

1994 செப்டம்பர் 27 மாலையில் 'எஸ்தோனியா' என்னும் கப்பல் டாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் நோக்கிப் புறப்பட்டது. நள்ளிரவுக்குப் பின், கொந்தளித்த கடலில் முகப்பு மூடி கழன்று விழ, வாகனத் தளத்தினுள் நீர் புகுந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்த 989 பேரில் 852 பேர் மாண்டனர். ஸ்வீடன் பாடகர் பியேர் இசாக்சன் அவர்களுள் ஒருவர். 1971, 1972 ஆகிய இரு ஆண்டுகளும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் தம் நாட்டின் சார்பில் பாடிய குழுவில் இடம்பெற்றவர் அவர். அக்கப்பலில் பயணிகளை மகிழ்விக்கும் பணியில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. மேடையில் பெற்ற புகழுக்கும் கடல் விலக்கு அளிக்கவில்லை.

சட்டம் தரும் காப்பு

பாடகன் பயணியா, பணியாளனா? இக்கேள்விக்குரிய விடையில்தான் அவன் உரிமைகள் அடங்கியுள்ளன. 2006-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடற்பணியாளர் உடன்படிக்கை, கப்பலில் எந்தப் பணி செய்பவரையும் கடற்பணியாளராகவே கருதுகிறது. சில நாள்களுக்கு மட்டும் வந்து போகும் விருந்தினர் கலைஞர் பற்றி அந்தந்த நாடு முடிவு செய்யலாம். எழுத்திலான ஒப்பந்தம், மாத ஊதியம், அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பும் வசதி, ஓய்வு நேரம், பணி முடிந்ததும் கப்பல் உரிமையாளர் செலவில் ஊர் திரும்பும் உரிமை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. இந்தியாவும் 2015-இல் இதனை ஏற்றுக்கொண்டது.

வாசகப் பெருமக்களே! நம் வீட்டுப் பிள்ளைகளும் கப்பல்களில் சமையலராக, பணியாளராகச் செல்லும் காலம் இது. முதலாளி யார், திரும்பும் பயணச் செலவு எவர் பொறுப்பு, விபத்து நேரின் குடும்பத்திற்கு இழப்பீடு என்ன என்னும் மூன்றையும் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் படித்தறிந்து, அதன் படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லச் சொல்லுங்கள். கரையில் காத்திருப்போர்க்கு அந்தக் காகிதமே துணை.