ஒரே செடி, ஆறு வாசனை

உங்களுக்குத் தெரியுமா? – மத்தியதரைக் கடலோரக் காட்டுச் செடிகளின் எண்ணெய்கள்

● தெற்கு பிரான்சில் மோன்பெலியே நகருக்கு வடக்கே சான் மார்த்தான் த லோந்த்ர என்றொரு சிற்றூர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மேடுகள், நடுவில் ஒரு பள்ளம். அங்கே தானாக முளைத்துக் கிடக்கும் தைம் செடிகளை எந்தத் தாவரவியலாளரிடம் காட்டினாலும் 'தைமஸ் வல்காரிஸ்' என்று ஒரே பெயரைத்தான் சொல்வார். காய்ச்சி எண்ணெய் இறக்கினால்தான் சங்கதி தெரியும். ஒரு செடியில் தைமால் மிகுந்திருக்கும், அடுத்ததில் கார்வக்ரால், இன்னொன்றில் லினலூல். மற்றவற்றில் ஜெரானியால், ஆல்பா டெர்ப்பினியால், துயனால். ஆக ஆறு வகை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒன்று காரமாக மூக்கில் ஏறும், இன்னொன்று எலுமிச்சை கலந்த ரோஜாவாக மணக்கும்.

எந்தச் செடிக்கு எது என்பதை மரபணுக்களே முடிவு செய்கின்றன, அதுவும் வரிசை கட்டி நின்று. வரிசையின் தலையில் ஜெரானியால், வாலில் தைமால். முன்னால் நிற்கும் ஜீன்களில் ஒன்றுகூட ஓங்கு வடிவத்தில் இல்லாவிட்டால்தான் தைமாலுக்கு முறை வரும்.

● அதே ஊர்க் கதையில் இன்னும் சுவாரசியமான பாகம் இது. தைமால், கார்வக்ரால் இரண்டும் பினால் வகை. இவற்றைச் சுமக்கும் செடிகள் மேட்டிலும் வெயில் காயும் கல்லாங்காட்டிலும் வாழ்கின்றன. மற்ற நான்கும் பள்ளத்தில். குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அந்த உறைகுளிரில் பினால் வகைச் செடிகள் பட்டுப்போகும். மேட்டின் கோடை வறட்சி மற்ற வகைகளுக்கு ஒத்துவராது. இப்படித்தான் எல்லை பிரிந்திருந்தது.

1970களுக்குப் பிறகு கடுங்குளிர் குறைந்தது. பழைய கள ஆய்வுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அதே இடங்களுக்கு மறுபடி போன பிரெஞ்சு ஆய்வாளர்கள், முன்பு பினால் வகை இல்லாதிருந்த பள்ளத்து இடங்களில் அது வந்து குடியேறியிருப்பதைக் கண்டார்கள். பருவநிலை மாற்றத்துக்கு இப்படியும் ஒரு சாட்சி.

● தைமாலுக்கும் கார்வக்ராலுக்கும் அணுக் கணக்கு ஒன்றே: கார்பன் 10, ஹைட்ரஜன் 14, ஆக்சிஜன் 1. வளையத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. தைம் எண்ணெயிலிருந்து தைமாலை 1719இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் காஸ்பர் நாய்மன். நம் வீட்டு ஓமத்தின் வாடையும் இதே தைமால்தான். முதல் உலகப் போருக்கு முன்பு ஜெர்மன் ஆலைகள் இந்திய ஓமத்தை வாங்கித்தான் தைமால் எடுத்து விற்றன. போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. கற்பூரவல்லி இலையின் எண்ணெயில் பெரும்பாலும் மேலோங்கி இருப்பது கார்வக்ரால். பீட்சாவோடு வரும் ஆரிகானோ பொட்டலத்தைப் பிரித்ததும் சளிக் கஷாயம் ஞாபகம் வருகிறதென்றால், உங்கள் மூக்கின் மேல் தவறில்லை.

● தைமாலுக்கு உத்தியோகம் பலப்பல. வாய் கொப்பளிக்கும் மருந்தில் கிருமி அடக்கும். தேன்கூட்டில் வரோவா என்ற உண்ணியைக் கொல்லும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் ஆணையம் நடத்திய இயக்கத்தில் கொடுக்கப்பட்ட மருந்தும் இதுவே. பிற்காலத்தில் ஹாலோதேன் என்ற மயக்க மருந்து கெட்டுப்போகாமலிருக்க அதில் 0.01 சதவீதம் தைமால் சேர்த்தார்கள்.

● கிரேக்கத்து மலை ஆரிகானோ துளசிக் குடும்பம். மெக்சிகோ ஆரிகானோ உண்ணிச்செடிக் குடும்பம். வெவ்வேறு குடும்பத்து இந்த இரண்டும் ஒரே பெயரில் விற்பனையாவதற்குக் காரணம் கார்வக்ரால்.

● பறிக்கும் மாதமும் கணக்கில் உண்டு. கிரேக்க ஆரிகானோவைக் கோடையில், பூக்கும் நேரத்தில் பறித்தால் கார்வக்ரால் தூக்கலாக இருக்கும். அதையே இலையுதிர்காலத்தில் பறித்தால் பாரா சைமீன் மேலே வந்துவிடும். அதற்குக் கார்வக்ராலின் காரம் கிடையாது.

● ரோஸ்மேரி எண்ணெய் வாங்குகிறவர்கள் எந்தக் கரையில் விளைந்தது என்று கேட்பது நல்லது. மொரோக்கோ, துனிசியா எண்ணெயில் 1,8-சினியோல் அதிகம். நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருளும் அதுதான். ஸ்பெயின் எண்ணெயில் கற்பூரம் தூக்கல். கார்சிகா தீவுடையதில் வெர்பினோன் என்ற பொருள் பெயர் பெற்றது. முடி வளரும் என்று தலையில் தேய்க்கிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதாகத் தெரியவில்லை.

● பாட்டிலில் இருப்பதெல்லாம் செடியில் இருந்தவை அல்ல. மொரோக்கோவில் காட்டுச் செடியாக வளரும் டனாசெட்டம் அன்னூமின் பூ மஞ்சள். அதிலிருந்து வடியும் எண்ணெய் மை போன்ற கருநீலம். அந்த நீலத்துக்குக் காரணமான கமாசுலீன் செடியில் அப்படியே இருப்பதில்லை. நிறமற்ற ஒரு முன்னோடிப் பொருள் காய்ச்சும் சூட்டில் உடைந்து நீலமாகிறது. ஜெர்மன் சாமந்தி எனப்படும் கெமோமில் செடியிலும் இதே கூத்துதான். அங்கே அந்த முன்னோடியின் பெயர் மாட்ரிசின்.

● இந்த எண்ணெய்களின் உறுப்புகளை அடையாளம் காண ஆரம்பகால வேதியியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்த டெர்ப்பீன்களை ஒழுங்குபடுத்தியதற்காகவும் சேர்த்துத்தான் ஆட்டோ வாலக்கிற்கு 1910இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் இருவரும் வாயு குரோமட்டோகிராஃபியைக் கொண்டுவந்த பிறகு வேலை எளிதாயிற்று. இன்று ஒரு துளியைச் செலுத்தினால் சிறிது நேரத்தில் உள்ளே இருக்கும் நூறு பொருள்களும் தனித்தனிக் கூம்புகளாகத் திரையில் எழும்.

● அட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியப் பாறைகளில் வளரும் சேஜ் செடியின் எண்ணெயில் ஆல்பா துயோன் 18 முதல் 43 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது ஐஎஸ்ஓ தரவரையறை. துயோன் என்றால் அளவு மீறும்போது வலிப்பு வரவழைக்கும் பொருள். 'அப்சிந்த்' மதுவில் இருக்கிறதென்று பழி சுமத்தப்பட்டதும் இதே துயோன்தான். பிரான்ஸ் 1915இல் அந்த மதுவைத் தடை செய்தது. பின்னாளில் தடைக்கு முந்தைய பழைய பாட்டில்களைத் திறந்து சோதித்தபோது, பயமுறுத்தும் அளவுக்கு அதில் துயோன் இல்லை. குடித்தவர்களைக் கெடுத்தது பெரும்பாலும் சாராயமே. கிரேக்க சேஜ் வேறு இனம். அதில் சினியோல்தான் முதன்மை. கிரேக்கர்கள் அதைத் தேநீராகவே குடிக்கிறார்கள்.

● ஆட்டுத் தாடியில் வாசனைப் பொருள் அறுவடை! சிஸ்டஸ் என்ற புதரின் இலைகளில் வெயில் நேரத்தில் பிசின் கசியும். மேயும் கிடாக்களின் தாடியில் அது ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து லாப்டனம் என்ற வாசனைப் பிசினை எடுக்கிறார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அரேபியாவைப் பற்றி எழுதும்போது குறிப்பிடுகிறார். கிரீட் தீவின் சிசெஸ் கிராமத்துக்காரர்கள் ஆட்டை நம்பாமல், தோல்வார்கள் தொங்கும் ஒரு வாரியை உச்சிவெயிலில் புதர்மேல் இழுப்பார்கள். வாரில் ஒட்டிய பிசினைப் பிறகு சுரண்டி எடுப்பார்கள். எண்ணெய் வடித்தால் அதில் ஆல்பா பைனீனும் இருக்கும், எண்ணிலடங்காத மற்றவையும் இருக்கும். அத்தர் தொழிலில் 'ஆம்பர்' என்று சொல்லப்படும் வாசனைக்கு லாப்டனம் இன்றும் அடிப்படை.

● கார்சிகாவில் மஞ்சள் பூப் பூக்கும் ஹெலிகிரைசம் ஒரு டன் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 2 கிலோ எண்ணெய். அந்தத் தீவின் எண்ணெயில் நெரில் அசிடேட் முன்னணியில் நிற்கும். அட்ரியாட்டிக் கரையில் வளரும் அதே செடியில் பெரும்பாலும் ஆல்பா பைனீனும் காமா குர்குமீனும் மேலோங்கும். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் இடையே எட்டாத தூரம்.

● பென்னிராயல் என்ற காட்டுப் புதினாவின் எண்ணெயில் நிறைந்திருப்பது புலிகோன். உள்ளே போனால் கல்லீரல் அதை மென்தோஃப்யூரான் முதலானவையாக மாற்றி, அதனாலேயே தான் சிதைகிறது. 1978இல் அமெரிக்காவில் ஒரு பெண் இதைக் குடித்து இறந்தது மருத்துவ இதழ்களில் பதிவானது. இயற்கையில் கிடைப்பது என்ற ஒரே நம்பிக்கையில் எதையும் விழுங்கிவிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

● மலை உயரத்தில் வளரும் அசல் லாவெண்டரில் லினலூல், லினலைல் அசிடேட் இரண்டும் பிரதானம். தாழ்ந்த சரிவுகளில் வளரும் ஸ்பைக் லாவெண்டரில் சினியோலும் கற்பூரமும் கூடும். இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட உயரத்தில் தானாகவே பிறந்த கலப்பினம் லாவண்டின். அது விதை கொடுக்காது. ஆனால் எண்ணெயை வாரி வழங்கும். அதனால் அசலில் லாவண்டினைக் கலப்பது பழைய வித்தை; கற்பூரம் எட்டிப் பார்த்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

புது வித்தை செயற்கை லினலூலைச் சேர்ப்பது. இங்கேதான் ஆய்வகம் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. லினலூலுக்கு இரண்டு வடிவம்: ஒன்று ஒளியை இடப்பக்கம் திருப்பும், மற்றது வலப்பக்கம். லாவெண்டர் செடி தயாரிப்பது ஏறத்தாழ முழுக்க இடவகை. ஆலையில் செய்ததில் இரண்டும் பாதிப் பாதி. வலவகை கொஞ்சம் கூடுதலாகத் தென்பட்டாலே கலப்படம் அம்பலம். செயற்கை வேண்டாம், இயற்கையான தனியா எண்ணெயிலிருந்து லினலூல் எடுத்துக் கலந்து தப்பிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் பலிக்காது: நாம் ரசத்துக்கு வறுக்கும் கொத்தமல்லி விதை பெரும்பாலும் வலக்கட்சி.