மழைக்காலத்தில் குழாய்களை யார் பார்ப்பது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் சுண்ணக்கல்லினூடாக இறங்கி எமது கிணறுகளை நிரப்புகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் அந்த நீரை இறைத்தே பயிர் செய்கிறோம். துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. இப்போது பல வீட்டு வளவுகளில் சொட்டு நீர்க் குழாய்களும் வந்துவிட்டன. ஒன்றிரண்டு பரப்பில் கத்தரி, மிளகாய், பயற்றை என்று வைத்துச் சீவிக்கும் பெண்களுக்கு இவை பெரிய ஆறுதல். வாளி தூக்கி இடுப்பு முறிவதும் இல்லை, பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் மாற்ற மண்வெட்டியோடு நிற்பதும் இல்லை.

வீட்டுத்தோட்டங்களைப் பார்க்கப் போகும் இடங்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் விடயம் ஒன்று உண்டு. கோடையில் பாவிக்கும்போது பழுதாவதைவிட, மாரியில் சும்மா கிடக்கும்போதுதான் இந்தக் குழாய்கள் அதிகம் பழுதாகின்றன. கோப்பாய்ப் பக்கம் ஒரு அக்கா என்னிடம், “மழைக்கு ஏன் பிள்ளை குழாயைப் பாக்கிறது? தண்ணி வானத்தால வருகுதுதானே” என்று சிரித்தார். தை பிறந்து மழை விட்டபின் குழாயைத் திறந்தபோது பாதித் துளைகளில் நீர் வரவில்லை. கத்தரி பூக்கும் நேரம். மரக்கறி விற்ற காசில் புதுக்குழாய் வாங்கவேண்டி வந்தது.

இதில் அந்த அக்காவை நான் குறை சொல்லமாட்டேன். குழாய்களைக் கொடுத்த உதவித் திட்டம் பயிற்சி வகுப்பையும் வைத்திருந்தது. ஆனால் வகுப்புக்கு அழைக்கப்பட்டவர் காணி உறுதியில் பெயர் உள்ள அண்ணன். தோட்டத்துக்கு நாளாந்தம் நீர் விடுபவர் தங்கை. வகுப்பு நடந்ததும் கோடையில். மாரியில் என்ன செய்வது என்று அந்த வீட்டில் எவருக்கும் சொல்லப்படவில்லை.

கனடா போன்ற குளிர் நாடுகளில் இந்த அலட்சியத்துக்கு இடமில்லை. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 வீதம் கூடுகிறது. வீட்டுப் புற்றரைக்கு நிலத்தடியில் பதித்த குழாய்களில் நீர் நின்றால் அவை வெடித்துவிடும். ஆகவே உறைபனிக்கு முன்னரே காற்றைச் செலுத்தி நீரை முழுவதும் வெளியேற்றி விடுகிறார்கள். எமக்கு உறைபனி இல்லை. எமது எதிரிகள் சுண்ணாம்பும் பாசியும் குளவியும் எலியுந்தான். அவை ஒரே இரவில் உடைப்பதில்லை, ஆறுதலாகக் கெடுக்கின்றன.

எமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை எல்லோரும் கண்டிருப்பீர்கள். குழாய்க்குள் நிற்கும் நீர் காயும்போது அதே வெள்ளை சொட்டும் துளைகளை அடைக்கிறது. உரம் கரைத்து விட்ட நீர் உள்ளே நின்றால் உப்புப் படிவதோடு பாசியும் பிடிக்கும். எனவே அடைமழை தொடங்குமுன், கடைசித் தடவையாக உரமில்லாத நல்ல நீரை விடுங்கள். பின்பு ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். முதலில் பெரிய குழாய், அதன்பின் சிறியவை. மாறிச் செய்தால் பெரிய குழாயின் ஊத்தை சிறிய குழாய்க்குள் போய்ச் சேரும்.

வடிகட்டியைக் கழற்றி வலையைப் பழைய பல்பிறஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். அதன் றப்பர் வளையத்துக்குக் கிறீஸ் பூசுவோர் உண்டு. வேண்டாம், றப்பர் ஊதிவிடும். ஏற்கெனவே அடைபட்ட சொட்டும் பாகங்கள் கழற்றக்கூடியவையாயின், ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் சுண்ணாம்பு விட்டுவிடும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, அந்த ஒரு செடிக்கே நீர் எல்லாம் போகும்.

கழற்றிய குழாய்களை அகன்ற வளையமாகச் சுற்றிக் கோடிப்புறத்து வளையில் தொங்கவிடலாம். மடித்தால் மடிப்பில் வெடிக்கும், நிலத்தில் போட்டால் எலி கடிக்கும். வாய்களைப் பொலித்தீனால் கட்டிவிடுங்கள். திறந்த குழாய் வாய் என்றால் குளவிக்கு மண்கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாரியிலும் ஐந்தாறு நாட்கள் மழை விட்டு வெயில் எறிப்பதுண்டு. புதிதாக நட்ட கன்றுகள் அப்போது வாடிவிடும். ஒரு பாத்திக் குழாயையாவது பூட்டியபடி வைத்திருப்பது நல்லது. நீர் தேவையா என்று அறிய, விரலளவு ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் நீர் விடவேண்டாம்.

அடுத்தது இயந்திரம். இதில் பணம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சில வீடுகளில் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் தட்டு அமைத்து இறக்கி வைப்பார்கள். மாரியில் கிணறு நிரம்பும்போது அது மூழ்கிவிடும். மழைக்கு முன்பே மேலே எடுத்து, வெள்ளம் நில்லாத கொங்கிறீற் மேடையில், கூரைக்குக் கீழே வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும், காற்றோட்டம் வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நீர் நிரப்பிச் சில நிமிடம் ஓடவிட்டால் தண்டு இறுகாது. நீரின்றி ஓடவிடக்கூடாது.

ஈரக் கையோடும் வெறுங்காலோடும் சுவிட்சைத் தொடவேண்டாம். மின் ஒழுக்கு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சில் சோதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால், அது திருத்தப்படும்வரை இயந்திரத்தைப் போடவே கூடாது. வயர் வேலையை அதற்கென்று பழகிய மின்னியலாளரிடம் விடுங்கள். கழுவுவதும் சுற்றுவதும் சோதிப்பதும் எம்மால் முடியும்.

டெங்குவையும் மறக்கக்கூடாது. வடிகட்டிக் கிண்ணம், வால்வுக் குழி, வெட்டிப் போட்ட குழாய்த் துண்டு, உரம் கரைத்த வாளி எல்லாவற்றிலும் மழைநீர் நிற்கும். முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கிழமைக்கு ஒருமுறை உரஞ்சிக் கழுவவேண்டும்.

அடைமழை நாட்களில் யூரியா போடுவதையும் தவிருங்கள். பயிர் எடுக்காத உரம் சுண்ணக்கல் வெடிப்புகளினூடாக நைத்திரேற்றாகக் கிணற்றையே சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு தாண்டியிருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற அது செறிவடையும்.

தையில் குழாய்களைத் திரும்பப் பூட்டும்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மணிக்கு 4 லீற்றர் சொட்டும் வகையென்றால், கால் மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் போத்தல் நிறையவேண்டும். வரிசையின் முதல் துளைக்குக் கீழே ஒன்றும் கடைசித் துளைக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு போத்தல்களை வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைந்தால் குழாய் சரி. கடைசிப் போத்தல் மட்டும் குறைந்தால் எங்கோ ஒழுக்கு அல்லது அடைப்பு. வரிசை வழியே நடந்து போனால், மண் அளவுக்கு மிஞ்சி நனைந்த இடத்தில் ஒழுக்கும் காய்ந்த இடத்தில் அடைப்பும் தெரியும்.