ஓடும் நீரின் விதிகளும் நம் தொழிலும்

கிணற்றில் நீர் இருக்கிறது. மோட்டாரும் பழுதின்றி ஓடுகிறது. ஆயினும் கடைசிப் பாத்தி நனைவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இக்குறையை நம் அங்கத்தினருள் பலர் கண்டிருப்பர். இதற்குப் பரிகாரமாக மூன்று குதிரைச் சக்தி மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைப் பொருத்துவதே பெரும்பாலும் வழக்கம். குறை மோட்டாரில் அன்று, குழாயில் இருக்கக்கூடும் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஓடும் நீர் சில விதிகளுக்கு உட்பட்டே ஓடுகிறது. வாய்க்காலையும் சாயத்தொட்டியையும் நாள்தோறும் காண்பவர்க்கு அவ்விதிகள் முற்றிலும் புதியவை அல்ல. அவற்றுள் நம் செலவையும் உழைப்பையும் பாதிக்கும் சிலவற்றை இங்கு ஆராய்வோம்.

குறுகினால் விரையும்

நீரை அழுத்திச் சிறுக்கச் செய்வது எளிதன்று. ஆதலின் குழாயின் ஒரு முனையில் எவ்வளவு நீர் புகுகிறதோ அவ்வளவு நீர் மறுமுனையில் வெளிவந்தாக வேண்டும். வழி அகன்ற இடத்தில் நீர் மெல்லச் செல்லும். குறுகிய இடத்தில் விரைந்து செல்லும். அகன்ற வாய்க்காலில் அமைதியாக வந்த நீர் மடைவாயில் சீறிப் பாய்வதன் காரணம் இதுவே. நான்கு அங்குலக் குழாயில் வரும் நீர் இரண்டு அங்குலக் குழாயில் நுழைந்தால், விட்டம் பாதியாகிறது; ஆனால் வாய்ப்பரப்போ நான்கில் ஒன்றாகிவிடுகிறது. எனவே நீரின் வேகம் நான்கு மடங்காகிறது.

வேகம் மிகும் இடத்தில் அழுத்தமும் மிகும் என்று தோன்றக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறானது. நீர் பெற்றுள்ள ஆற்றல் உயரம், அழுத்தம், வேகம் என்னும் மூன்று வடிவில் இருக்கிறது. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். இக்கருத்துக்கு அடிகோலியவர் டானியல் பெர்னூலி என்னும் அறிஞர். அவர் நூல் 1738-இல் வெளிவந்தது. சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துள்ள அங்கத்தினர் இவ்விதியைத் தம் தோட்டத்திலேயே காணலாம். உரக்கரைசலை உறிஞ்சிக் குழாயில் கலக்கும் 'வெஞ்சுரி' என்ற கருவியின் இடை குறுகியிருக்கும். அவ்விடத்தில் நீர் விரைவதால் அழுத்தம் தாழ்கிறது. தாழவே, பக்கத்துச் சிறு குழாய் வழியாக உரக்கரைசல் தானே உள்ளே இழுக்கப்படுகிறது.

மான்செஸ்டரில் ஒரு சாயக்கோடு

நீர் குழாயின் சுவரோடு உராய்ந்தே செல்கிறது. அவ்வுராய்வு எத்தன்மையது என்பதை அறிய, பருத்தி ஆலைகளுக்குப் பேர்பெற்ற மான்செஸ்டர் நகரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி செய்து 1883-இல் வெளியிட்டார். கண்ணாடிக் குழாயொன்றில் தெளிந்த நீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாய நீரை மெல்லிய இழையாகச் செலுத்தினார். நீர் மெதுவாக ஓடியபோது அச்சாயம் நெய்வோர் கையிலுள்ள நூலிழைபோல் நேராக, கலையாது சென்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியபோது, ஒரு கட்டத்தில் இழை நடுங்கிற்று. பின்னர் அறுந்து, சுழல்களாகச் சிதறிக் குழாய் முழுவதும் கலந்துவிட்டது.

இதனால் நீரோட்டம் இருவகை என்பது தெளிவாயிற்று. ஒன்று, அடுக்கடுக்காகக் குலையாமல் செல்லும் சீரோட்டம்; மற்றொன்று, சுழன்று புரளும் கொந்தளிப்போட்டம். நம் பம்புசெட்டுக் குழாய்களில் ஓடுவது ஏறக்குறைய எப்போதும் இரண்டாம் வகையே. சுழல்களை உண்டாக்குவதில் செலவாகும் ஆற்றல் நம் மோட்டார் தந்ததேயாம். அது வயலுக்குச் சென்று சேர்வதில்லை.

சாயத்தொட்டியிலோ கலக்கமே நமக்கு நன்மை. எவ்வளவு விரைந்து ஓடும் நீரிலும், திடப்பொருளை ஒட்டியுள்ள நீர் அதன்மேல் அசையாமல் நிற்கிறது. அதையடுத்த மெல்லிய ஏடு மிக மெதுவாகவே நகர்கிறது. இம்மெல்லேட்டின் இயல்பை 1904-இல் லுட்விக் பிராண்டில் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். நூலை ஒட்டி நிற்கும் நீரிலுள்ள சாயம் நூலில் ஏறியபின், புதுச்சாயம் அவ்வேட்டைக் கடந்தே வர வேண்டும். தொட்டி அசைவற்றிருந்தால் அது வரக் காலம் பிடிக்கும். நீர் அசைந்துகொண்டிருந்தால் ஏடு மெலிந்து, சாயம் எளிதில் சேரும். சிட்டங்களைக் கழியில் கோத்து ஓயாமல் திருப்பிப் போடும் நம் பழைய முறையின் பொருள் இதுதான். சிட்டங்களை நெருக்கி அடைத்தாலோ, சாயநீர் தளர்ந்த வழிகளில் மட்டுமே புகுந்து செல்லும். இறுகிய பகுதி வெளிறி, நூல் திட்டுத்திட்டாய்ப் படியும்.

குழாய் வாங்கும் சுங்கம்

இனிப் பம்புசெட்டுக் கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 10 லிட்டர் நீரை 100 மீட்டர் தூரம் கொண்டுசெல்ல வேண்டும் என்று கொள்வோம். நான்கு அங்குலக் குழாயில் உராய்வால் ஏற்படும் இழப்பு, நீரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமமாகும். மூன்று அங்குலக் குழாயில் அதே நீருக்கு ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்துக்குரிய ஆற்றல் இழப்பாகும். இரண்டு அங்குலக் குழாயிலோ, நான்கு அங்குலக் குழாயின் இழப்பைப்போல் ஏறத்தாழ 32 மடங்காகிவிடும். நான்கு அங்குலம் வேண்டிய இடத்தில் மூன்று அங்குலம் போட்டவர், தம் கிணற்றைத் தாமே நாலைந்து மீட்டர் ஆழமாக்கிக்கொண்டவர் ஆவார்.

பெரிய மோட்டார் இக்குறையைத் தீர்க்காதோ என்று வினவலாம். அதே குழாயில் இருமடங்கு நீரைச் செலுத்தினால் உராய்விழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். நீரும் இருமடங்கு, அதனை எதிர்க்கும் உராய்வும் நான்கு மடங்கு என்றால், உராய்வின் பொருட்டு மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லாத இடத்திலும் டீசலும், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலியும் இலவசம் அல்ல. குழாயின் விலை ஒருமுறைச் செலவு. உராய்வின் செலவோ ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் உரியது. நீரின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் அளவைப் பெரிதும் மீறாதவாறு குழாயைத் தெரிந்தெடுப்பது நலம். வேண்டாத வளைவுகளும், அடைபட்ட புட்வால்வும், உள்ளே உப்புப் படிந்த பழங்குழாயும் இழப்பை மேலும் கூட்டும்.

கிணற்றின்மேல் பம்பு வைத்திருப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். பம்பு நீரை உறிஞ்சுகிறது என்கிறோம்; உண்மையில் நீரை மேலே தள்ளுவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமே. 1643-இல் டாரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞரின் கருத்தின்படி நடந்த சோதனையில், காற்றின் அழுத்தம் பாதரசத்தைச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தாங்கியது. நீராயின் அது சுமார் 10.3 மீட்டர் ஆகும். அதற்குமேல் எத்துணைப் பெரிய மோட்டாராலும் உறிஞ்ச இயலாது. உராய்வும் வேகமும் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்குள் அமைப்பதே தக்கது. உறிஞ்சு குழாய் குறுகலாக இருந்தால் அழுத்தம் மிகத் தாழ்ந்து, நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடையும். பம்பினுள் கூழாங்கல் உருள்வதுபோல் ஒலி கேட்கும். நாளடைவில் அதன் சுழல் தகடு அரிக்கப்படும். நீர்மூழ்கி மோட்டார் நீருக்குள்ளேயே நின்று மேல்நோக்கித் தள்ளுவதால் அதற்கு இவ்வெல்லை இல்லை.

நால்வருக்கு ஒரு குழாய்

அடுத்தடுத்த நிலமுடைய நால்வர், ஒரே பொதுத் தொட்டியிலிருந்து தனித்தனியே இரண்டு அங்குலக் குழாய் போடுவதாகக் கொள்வோம். நான்கின் வாய்ப்பரப்பையும் கூட்டினால் ஒரு நான்கு அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பே வரும். ஆனால் நீர் உராயும் சுவரோ இருமடங்கு. ஆகவே அதே உயரத்திலிருந்து, அதே தூரத்திற்கு, ஒரு நான்கு அங்குலக் குழாய் தரும் நீர் ஓர் இரண்டு அங்குலக் குழாய் தருவதைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேலாகும். நால்வரும் ஒரே வேளையில் பாய்ச்சினாலும், ஒவ்வொருவர் பங்கும் தனிக்குழாயில் கிடைத்திருக்கக்கூடியதைவிட மூன்றில் ஒரு பங்கேனும் மிகும்.

ஆனால் பொதுக்குழாய் போட்டுவிட்டால் மட்டும் போதாது. தலைமடையில் இருப்பவர் தம் வால்வை முழுவதும் திறந்துவிட்டால் அழுத்தம் அங்கேயே தாழ்ந்து, கடைமடையில் இருப்பவருக்கு நீர் மெலியும். இது அண்டை நிலத்தாரின் குற்றம் அன்று. ஓடும் நீரின் இயல்பு. அதனை முன்னரே அறிந்து, வால்வுகளின் திறப்பையும் முறை நாளையும் எழுத்தில் வகுத்துக்கொள்வது பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும். புதுக்குழாய் வாங்க எண்ணும் அங்கத்தினர், கடைக்குச் செல்லுமுன் நீரின் அளவு, தூரம், ஏற்றம் ஆகிய மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு, அவற்றிற்கேற்ற குழாயின் விட்டத்தை முதலிலும் மோட்டாரின் சக்தியைப் பின்னரும் முடிவு செய்வாராக.