இருபத்தைந்து நிமிட வெளிச்சம்

கலியாணப் படம் எடுக்க ஆள் பிடிக்கும்போது நாம் முதலில் கேட்பது காசு. அடுத்தது, கமரா என்ன மொடல் என்பது. திருகோணமலையில் இவை இரண்டையும்விடப் பயன்தரும் கேள்வி ஒன்று உண்டு: 'எத்தனை மணிக்கு வர வேண்டும்?' காலை ஒன்பது மணிக்கு நிலாவெளிக் கடற்கரைக்கு வாருங்கள் என்கிறவர், படத்தைவிடத் தன் நித்திரையைப் பெரிதாக மதிக்கிறார்.

அடிவானத்தில் நிற்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, பொன்னிறம் மிஞ்சுகிறது. சூரியன் 6 பாகை ஏறியதும் அந்த 38 மடங்கு ஒன்பதாகச் சுருங்கிவிடும். பொன்னிறமும் வெளுக்கத் தொடங்கும். ஜூன் மாத லண்டனில் சூரியன் சாய்வாக ஏறுவதால் இதற்கு முக்கால் மணி நேரமளவு பிடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கும் திருகோணமலையிலோ அது கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. மொத்தம் 25 நிமிடந்தான். மணப்பெண் சேலை மடிப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் பாதி போய்விடும்.

உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்கு நோக்கியவை. அங்கே மாலையில் சூரியன் தரைப்பக்கம் இறங்கும். ஆனால் நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது. காலையில் டச்சு விரிகுடாவில் எடுத்தவர், மாலையில் சிறிது தூரம் நடந்து உட்துறைமுகக் கரைக்கு வந்தால் நீருக்கு அப்பால் அந்தி விழும். இது ஊர்க்காரப் படக்காரருக்குத் தெரியும். கடற்படைத் தளத்தின் பக்கம் கமராவைத் திருப்பக்கூடாது என்பதும், ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெண்மணல் இன்னொரு சிக்கல். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்குப் போடும். கண்ணைப் பறிக்கும் மணலைக் காட்டினால், வெளிச்சம் கூடிவிட்டதென்று தானே குறைத்துக்கொள்ளும். மணல் அழுக்காகும், மாப்பிள்ளையின் முகம் கறுத்துப்போகும். கைதேர்ந்தவர் ஒரு சிறு சில்லைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டுவார். பார்க்க ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; கண்குழி இரண்டும் இருண்டுவிடும். சித்திரை வருடப்பிறப்பன்று மதியம் எடுத்த குடும்பப் படங்களைப் புரட்டிப் பாருங்கள்.

நீருக்கடியில் கணக்கு வேறு. 1956-ல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் படக்காரர் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்குக் கற்களைக் கண்டு படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு கிளார்க் அதைப் புத்தகமாக்கினார். வில்சனோ 1962-ல் 'ரன் முத்து தூவ' என்ற முதல் சிங்கள வண்ணப்படத்தை இயக்கி, கடலடிக் காட்சிகளைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீற்றர் ஆழத்திலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். பத்து மீற்றரில் கீறிய விரலின் இரத்தம் பச்சையாகத் தெரியும். புறாத்தீவுப் பவளப்பாறையின் நிறம் படத்தில் வர வேண்டுமானால் விளக்கையும் கீழே கொண்டுபோக வேண்டும். அந்த ஒளியிலும் சிவப்பைத் தண்ணீர் தின்னும்; ஆகவே மீனுக்கு ஒரு மீற்றர் அளவுக்கு நெருங்கியாக வேண்டும். விளக்கு லென்சுக்குப் பக்கத்தில் இருந்தால் நீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும் என்பதால், அதை நீண்ட கைகளில் பொருத்தி இருபுறமும் அகட்டி வைப்பார்கள். மாவலி ஆறு வண்டலோடு வந்து விழும் கொட்டியாரக்குடாவில், மழைக்காலத்தில் எவ்வளவு அகட்டினாலும் பலனில்லை. அந்த மாதங்களில் கடலடிப் படத்துக்கு முற்பணம் கேட்பவரிடம் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள்.