கலவான கடைவீதியில் இறங்கிப் பாருங்கள்

சிங்கராஜ வனத்துக்குப் போகிறவர்களில் பலர் கலவான நகரை வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை வழியாக வந்து, ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு, வெத்தாகல, குடாவ என்று காட்டு வாசலை நோக்கிப் போய்விடுகிறார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற காடு, பார்க்க வேண்டியதுதான். அந்தக் காட்டோரத்தில் வாழும் ஊரையும் பார்க்க வேண்டாமா?

இங்கே அன்றாட வேலையைத் தீர்மானிப்பது மழை. சிங்கராஜவைச் சுற்றி ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. விடியலில் மழை பிடித்தால் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை; வெட்டினாலும் பால் மழைநீரோடு கரைந்து பட்டையில் வழிந்தோடிவிடும். தேயிலைக் கொழுந்துக்கு அந்த விடுப்பும் கிடையாது. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலையேறிவிடுவார்கள்.

கலவான பக்கத்துத் தேயிலையில் பெரும்பகுதி சிறுதோட்டங்களில் விளைவது. பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி வீதியோரத்தில் வைத்துக் காத்திருப்பார்கள். தொழிற்சாலை லொறி வந்து நிற்கும். மூட்டை தராசுக் கொக்கியில் ஏறும். நனைந்த கொழுந்தென்றால் ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழிவு. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க முதலாளி" என்று ஒரு குரல் எழும். நிலம் வைத்திருக்கும் சிங்களக் கிராமத்தவரும் கூலிக்குப் பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் அந்தத் தராசின் முள்ளையே கண்கொட்டாமல் பார்த்து நிற்பார்கள். முள் நிற்கும் இடத்தில்தான் இருவரின் அடுப்பும் எரிகிறது.

கடைவீதியில் தென்கரையிலிருந்து வரும் கருவாடும் மாசியும் குவிந்திருக்கும். "மல்லி, கீயத?" என்று லயத்து அக்கா சிங்களத்தில் விலை கேட்பார், கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். கடற்கரையிலிருந்து கருவாடு மேலேறினால், இங்கிருந்து கித்துள் பாணி கீழிறங்குகிறது. பாளையைச் சீவி, காலையும் மாலையும் மரமேறி இறக்கிய பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினால்தான் ஒரு போத்தல் பாணி திரளும். அம்பாந்தோட்டைப் பக்கத்து எருமைத் தயிருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. மலைக்கும் கரைக்கும் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு: இப்பக்கத்து மழைநீர் குக்குலே கங்கையாகி, களு கங்கையில் சேர்ந்து, களுத்துறையில் கடலைத் தொடுகிறது.

அதே மழை 2017 மே மாதத்தில் எமனாகவும் வந்தது. குக்குலே கங்கைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. வெள்ளமும் மண்சரிவுமாக நாடெங்கும் 200க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இரத்தினபுரி மாவட்டத்தில் கலவான பலத்த அடி வாங்கியது. மழை கறுத்தால் இன்றும் சரிவோர வீடுகளில் கண்மூடித் தூங்க முடியாது.

வெசாக் வந்தால் தன்சல் பந்தலில் சோற்றுக்கு வரிசையில் நிற்பவரிடம் யாரும் இனமும் மதமும் கேட்பதில்லை. 1977இலும் 1983இலும் நடந்த இனக் கலவரங்களில் இந்த மாகாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் அடிபட்டு, விரட்டப்பட்டு, மீண்டும் வேரூன்றின என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வரிசையின் அருமை புரியும். கண்டி, நுவரெலியா போலன்றி, இங்கே தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தோட்டங்களாகச் சிதறி வாழ்கிறார்கள். அக்கம்பக்கத்து உறவுதான் அவர்களுக்குக் காவல்.

உறவு மட்டும் போதாது. தலைமுறைகளாக மலையைப் பச்சையாக வைத்திருக்கும் குடும்பங்களில் பல இன்னும் தமக்கென்று காணியில்லாமல் லயத்துக் காம்பராவிலேயே முடங்கியிருக்கின்றன. காட்டைப் பார்க்க வருகிறவர்களே, கலவான நகரில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். ஒரு சாயத்தண்ணி குடியுங்கள், பாணி வாங்குங்கள், கொழுந்து மூட்டையருகே நிற்கும் அக்காவோடு நாலு வார்த்தை பேசுங்கள். காட்டைக் காக்க நாடே குரல் கொடுத்து, 1970களில் அங்கு நடந்த மரம் வெட்டலை நிறுத்தியது. காட்டோரத்து மனிதரின் காணிக்கும் வீட்டுக்கும் அதே குரல் எழ வேண்டும்.